"ஹேட்" எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

ஆங்கில இலக்கணம் பற்றி வந்த கேள்வியின் சாரம் இது: "சற்று முன் நடந்ததைச் சொல்ல சிம்பிள் பாஸ்ட், வெகுநாள் முன்பு நடந்ததைச் சொல்ல பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். அதன்படி 'ஐ ஹேட் கான் டு டெல்லி லாஸ்ட் இயர்' என்று எழுதினால் மேலதிகாரி 'ஹேட்' என்பதை அடித்துவிடுகிறார். நான் போடாத இடத்தில் அவரே ஒரு 'ஹேட்' சேர்க்கிறார். இதற்கு விதிதான் என்ன?"

மேலதிகாரி திருத்துவது சரி. பள்ளியில் கிடைத்த விளக்கம்தான் தவறு. இந்தத் தவறான விளக்கம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"ஹேட்" சேர்ந்து வரும் பாஸ்ட் பெர்ஃபெக்டுக்கும் ஒரு செயல் எவ்வளவு பழையது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. டைனோசர்கள் அழிந்து சுமார் 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதைச் சொல்ல ஆங்கிலத்துக்கு "டைனோசார்ஸ் டைட் அவுட்" என்ற சிம்பிள் பாஸ்ட் போதும். மாறாக, இன்று காலை நான் நிலையத்துக்குள் நுழைய ஐந்து நிமிடம் இருக்கும்போது ரயில் கிளம்பிவிட்டது என்றால், அந்த ஐந்து நிமிடத்துக்கு "ஹேட்" தேவைப்படுகிறது: "வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி டிரெயின் ஹேட் லெஃப்ட்." ஆண்டுக் கணக்கு இங்கே வேலை செய்யவில்லை. இறந்தகாலத்தில் ஒரு தருணத்தை எடுத்துக்கொண்டு, அதில் நின்றபடி அதற்கும் முன்னால் நடந்ததைத் திரும்பிப் பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி.

இதைத் தெளிவாக வகுத்துக் காட்டியவர் ஹான்ஸ் ரைகன்பாக். ஜெர்மனியில் பிறந்து, பின்னாளில் அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த தத்துவ அறிஞர். 1947இல் வெளிவந்த தம் தர்க்க நூலில் காலம் காட்டும் வினைகளை அவர் மூன்று புள்ளிகளால் விளக்கினார். ஒன்று, நாம் பேசும் நேரம். இரண்டு, செயல் நடந்த நேரம். மூன்று, எந்த நேரத்தில் நின்று அந்தச் செயலைப் பார்க்கிறோமோ அந்த நேரம். சிம்பிள் பாஸ்டில் செயலின் நேரமும் பார்க்கும் நேரமும் ஒன்றே; இரண்டும் பேசும் நேரத்துக்கு முன்னால் இருக்கின்றன. "ஐ ஹேவ் ஈட்டன்" என்ற பிரசன்ட் பெர்ஃபெக்டில் செயல் முடிந்துவிட்டது, ஆனால் பார்ப்பது இப்போதிலிருந்து. இந்த மூன்று வடிவங்களில் பாஸ்ட் பெர்ஃபெக்டில் மட்டும்தான் மூன்று புள்ளிகளும் மூன்று வெவ்வேறு இடங்களில் வரிசையாக நிற்கின்றன: முதலில் செயல், பிறகு பார்க்கும் தருணம், அதற்கும் பிறகு நாம் பேசும் இந்த நேரம். நடுப்புள்ளி இல்லாமல் எழுதும் "ஹேட்" அந்தரத்தில் தொங்கும். "ஐ ஹேட் கான் டு டெல்லி லாஸ்ட் இயர்" என்ற வாக்கியத்தைப் படிக்கும் ஆங்கிலேயர், "எதற்கு முன்பு?" என்று கேட்டுக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருப்பார். அது வராது.

ஓர் உண்மை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். நார்வேயின் ரோல்ட் அமுண்ட்சன் குழு தென் துருவத்தை அடைந்தது 1911 டிசம்பர் 14 அன்று. பிரிட்டனின் ராபர்ட் ஸ்காட் நான்கு தோழர்களுடன் அங்கே போய்ச் சேர்ந்தது 1912 ஜனவரி 17 அன்று. அங்கே அமுண்ட்சன் விட்டுச்சென்ற கூடாரமும், நார்வே மன்னருக்கு எழுதிய கடிதமும் இருந்தன. ஸ்காட் வந்து நின்ற அந்த நாளை நடுப்புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள்.

"வென் ஸ்காட் ரீச்ட் தி போல், அமுண்ட்சன் ஹேட் லெஃப்ட்." ஸ்காட் வந்தபோது அமுண்ட்சன் கிளம்பிப் போயிருந்தார். இதில் "ஹேட்" என்பதை எடுத்துவிட்டு "வென் ஸ்காட் ரீச்ட் தி போல், அமுண்ட்சன் லெஃப்ட்" என்று எழுதினால் வரலாறே மாறிவிடும். ஸ்காட் வந்தார், அவரைக் கண்டதும் அமுண்ட்சன் கிளம்பினார் என்று ஆகிவிடும். இருவரும் பனிவெளியில் சந்தித்துக்கொண்டதாகப் பொருள் வரும். "வென்" என்ற சொல் இரண்டு செயல்களும் ஒரே நேரத்தில் நடந்தனவா, ஒன்றன்பின் ஒன்றாக நடந்தனவா, ஒன்று ஏற்கெனவே முடிந்திருந்ததா என்று தானாகச் சொல்லாது. அதனால் "வென்" வரும் இடத்தில் "ஹேட்" உயிரான சொல். "பை தி டைம்" வரும் இடத்திலும் பெரும்பாலும் அப்படியே.

"பிஃபோர்", "ஆஃப்டர்" ஆகியவற்றின் கதை வேறு. எது முன், எது பின் என்று அந்தச் சொற்களே சொல்லிவிடுகின்றன. "அமுண்ட்சன் லெஃப்ட் தி போல் பிஃபோர் ஸ்காட் அரைவ்ட்" என்பதில் குழப்பத்துக்கு இடமே இல்லை; "ஹேட் லெஃப்ட்" என்று எழுதினாலும் தவறில்லை, எழுதாவிட்டாலும் குறையில்லை. தேர்வு வினாத்தாள்களில் "பிஃபோர்" வந்தால் "ஹேட்" கட்டாயம் என்று மதிப்பெண் குறைப்பதுண்டு. தேர்வுக்காக அப்படி எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அது ஆங்கிலம் பேசுவோரின் வழக்கைவிட இறுக்கமான விதி.

நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகும்போதும் "ஹேட்" வேண்டாம். எழுந்தேன், குளித்தேன், சாப்பிட்டேன், கிளம்பினேன் என்பதில் ஒவ்வொன்றும் அடுத்ததற்கு முந்தியதுதான். ஆனாலும் எல்லாமே சிம்பிள் பாஸ்டில் வரும். கதை முன்னோக்கி நடக்கும்வரை திரும்பிப் பார்க்கும் வேலை இல்லை.

நாம் ஏன் தேவையற்ற இடத்தில் "ஹேட்" போடுகிறோம்? காரணம் தமிழில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். "நேற்று அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன்" என்கிறோம். "போனேன்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் போய்விட்டுத் திரும்பியும் வந்தாயிற்று என்ற நிறைவு "போயிருந்தேன்" என்பதில் இருக்கிறது. அந்த "இருந்தேன்" இன்னொரு செயலைத் துணைக்கு எதிர்பார்க்கவில்லை, தனியாகவே நிற்கிறது. அதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றும்போது "ஐ ஹேட் கான் டு மை ஆன்ட்ஸ் ஹவுஸ் எஸ்டர்டே" என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு "ஐ வென்ட்" போதும். அலுவலகக் கடிதங்களிலும் இதே கதைதான். "நீங்கள் கேட்டிருந்த விவரங்களை இணைத்துள்ளேன்" என்பது தமிழில் மரியாதையான, இயல்பான தொடர். "கேட்ட விவரங்கள்" என்பதைவிடச் சற்று மென்மையாகவும் ஒலிக்கிறது. அந்த மென்மையை நாடி "தி டீட்டெய்ல்ஸ் யூ ஹேட் ஆஸ்க்ட் ஃபார்" என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் "ஹேட்" மரியாதை சேர்ப்பதில்லை. "தி டீட்டெய்ல்ஸ் யூ ஆஸ்க்ட் ஃபார்" என்பதே நல்ல நடை. வடஇந்தியர்களின் ஆங்கிலத்திலும் இதே பழக்கம் உண்டு. எனவே இதை நம்முடைய தனிப்பட்ட பலவீனமாக எண்ணிக் கூச வேண்டியதில்லை.

எதிர்த்திசையிலும் தமிழ் நம்மை இழுக்கிறது. "நாங்கள் போவதற்குள் படம் ஆரம்பித்துவிட்டது" என்கிறோம். "ஆரம்பித்துவிட்டிருந்தது" என்று யாரும் பேசுவதில்லை. "விட்டது" என்பதே முடிந்துபோனதை உணர்த்திவிடுகிறது. அதை மொழிபெயர்ப்பவர் "பை தி டைம் வி வென்ட், தி ஃபிலிம் ஸ்டார்டட்" என்று எழுதிவிடுகிறார். இங்கேதான் "தி ஃபிலிம் ஹேட் ஸ்டார்டட்" என்று வேண்டும். உங்கள் மேலதிகாரி "ஹேட்" சேர்க்கும் இடங்களைப் பாருங்கள். பெரும்பாலும் தமிழில் "விட்டது", "விட்டார்" வரும் இடங்களாக இருக்கும். அவர் அடிக்கும் இடங்கள் "இருந்தேன்", "இருந்தீர்கள்" வரும் இடங்களாக இருக்கும். ஆகவே தமிழ் வினையின் வால் எப்படி முடிகிறது என்று பார்த்து ஆங்கில வினையை முடிவு செய்யாதீர்கள். நடுப்புள்ளி ஒன்று வாக்கியத்திலோ முந்தைய வாக்கியத்திலோ இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள்.

அது எப்போதும் "வென்" என்ற உருவில் வர வேண்டியதில்லை. "ஸ்காட் ஃபவுண்ட் எ டென்ட். அமுண்ட்சன் ஹேட் லெஃப்ட் இட் தேர்" என்பதில் முதல் வாக்கியமே நடுப்புள்ளி. தேதியும் அப்படி நிற்கலாம்: "பை தி எண்ட் ஆஃப் 1911, அமுண்ட்சன் ஹேட் ரீச்ட் தி போல்."

இறந்தகாலத் தருணம் ஒன்றுவரை ஒரு நிலை எவ்வளவு காலம் நீடித்து வந்தது என்று சொல்லும்போது "ஹேட்" தவிர்க்க முடியாதது. ஸ்காட்டும் அவருடைய தோழர்களும் திரும்பும் வழியில் இறந்தார்கள். ஸ்காட்டின் நாட்குறிப்பில் கடைசிப் பதிவு 1912 மார்ச் 29. தேடிச் சென்ற குழு ஸ்காட்டின் கூடாரத்தைக் கண்டது நவம்பர் 12. "வென் தே ஃபவுண்ட் தி டென்ட், ஸ்காட் ஹேட் பீன் டெட் ஃபார் மோர் தன் செவன் மந்த்ஸ்." கண்டெடுத்த நாள் நடுப்புள்ளி, இறந்த நிலை அதுவரை நீண்டு வந்திருக்கிறது. நீண்டு வந்தது ஒரு செயல் என்றால் "ஹேட் பீன்" என்பதோடு "இங்" சேரும். ஸ்காட் குழுவினர் பனிச்சறுக்கு வண்டியைத் தாங்களே இழுத்துச் சென்றவர்கள். "வென் தே ரீச்ட் தி போல், தே ஹேட் பீன் புல்லிங் தி ஸ்லெட்ஜ் ஃபார் வீக்ஸ்." அந்தக் களைப்பையும் சேர்த்துச் சொல்லும் வடிவம் இது.

ஒருவர் சொன்னதைப் பின்னர் நாம் எடுத்துச் சொல்லும்போதும் இதே கணக்குதான். அமுண்ட்சன் 1912 மார்ச் 7 அன்று டாஸ்மேனியாவின் ஹோபர்ட் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து தந்தி மூலம் வெற்றியை அறிவித்தார். "ஹீ அனவுன்ஸ்ட் தட் ஹீ ஹேட் ரீச்ட் தி போல்." அறிவித்த நாள் நடுப்புள்ளி, அடைந்தது அதற்கு முன். டைரக்ட் ஸ்பீச், இன்டைரக்ட் ஸ்பீச் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த மாற்றத்தில் "ஹேட்" வரும் இடங்கள் இந்தத் தர்க்கத்திலிருந்து வருபவைதான். ஆண்டையே குறிப்பிட்டுச் சொன்னால் "ரீச்ட் தி போல் இன் 1911" என்று சிம்பிள் பாஸ்டில் விடுவதும் ஏற்புடையதே. அங்கே குழப்பம் வராது.

இனி வருவது பலர் அஞ்சும் இடம். தமிழருக்கு உண்மையில் இதுதான் மிக எளிதான இடம் என்பேன். நடக்காததைக் கற்பனை செய்யும் "இஃப்" வாக்கியங்களைச் சொல்கிறேன். ஸ்காட் குழு துருவப் பயணத்துக்கு முன்னரே, 1911 தொடக்கத்தில், திரும்பும் வழிக்கான உணவையும் எரிபொருளையும் பனிவெளியில் சேமித்து வைத்தது. முக்கியமான கிடங்கைத் தெற்கு 80 பாகை அட்சத்தில் அமைக்கத் திட்டம். குதிரைகள் சோர்ந்துபோனதால் 79 பாகை 29 கலையிலேயே (ஒரு பாகைக்கு 60 கலை), அதாவது 50 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே, இறக்கிவிட்டார்கள். திரும்பி வந்தவர்கள் உயிர்விட்ட கடைசி முகாம் அந்தக் கிடங்குக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தெற்கே இருந்தது. திட்டமிட்ட இடத்தில் வைத்திருந்தால் அதை அடைந்திருப்பார்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். "வைத்திருந்தால்", "அடைந்திருப்பார்கள்". ஆங்கிலம் கேட்பதும் இதே இரண்டு துண்டுகளைத்தான்: "இஃப் தே ஹேட் லெய்ட் தி டிப்போ அட் எய்ட்டி டிகிரீஸ், தே வுட் ஹேவ் ரீச்ட் இட்." "இருந்தால்" வரும் பக்கம் "ஹேட்". "இருப்பார்கள்" வரும் பக்கம் "வுட் ஹேவ்". தமிழில் இந்த இரண்டையும் யாரும் இடம் மாற்றிச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் "இஃப் தே வுட் ஹேவ் லெய்ட்" என்று மாற்றிவிடுகிறோம். தமிழ் வாக்கியத்தை ஒரு முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் அந்தப் பிழை வராது. கூடாரத்துக்குள் இறந்தவர்கள் பிழைத்திருப்பார்களா என்பது வேறு கேள்வி, உறுதியில்லாததற்கு "வுட்" என்ற இடத்தில் "மைட்" போடுங்கள்: "தே மைட் ஹேவ் சர்வைவ்ட்." பிழைத்திருக்கக்கூடும்.

இங்கே "ஹேட்" செய்யும் வேலை சற்று வேறு என்பதையும் கவனியுங்கள். முன்னால் நடந்தது என்று அது சொல்லவில்லை. நடக்கவே இல்லை என்று சொல்கிறது. "ஐ விஷ் ஐ ஹேட் நோன்" என்பதும் அப்படியே, எனக்கு அப்போது தெரியாது என்பதுதான் செய்தி. "இஃப்" என்பதை விட்டுவிட்டு "ஹேட் ஐ நோன்" என்று தொடங்குவது எழுத்து நடை. இதற்கு அருகில் வருவது நிறைவேறாத ஆசை: "ஸ்காட் ஹேட் ஹோப்ட் டு பி தி ஃபர்ஸ்ட்." "ஹோப்", "இன்டென்ட்", "பிளான்" போன்ற வினைகளோடு "ஹேட்" சேர்ந்தால் அந்த எண்ணம் கைகூடவில்லை என்ற குறிப்பும் பெரும்பாலும் கூடவே வரும். மூன்றே எழுத்துச் சொல்லுக்குள் இத்தனை ஏமாற்றத்தை ஆங்கிலம் வைத்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான், நீ, அவன், அவர்கள் எவர்க்கும் "ஹேட்" ஒன்றே. அதன்பின் வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம். "ஹேட் வென்ட்" என்பது பிழை, "ஹேட் கான்" சரி. "ஹேட் ஸா" பிழை, "ஹேட் சீன்" சரி. "ஹேட் ரோட்" பிழை, "ஹேட் ரிட்டன்" சரி. எதிர்மறைக்கு "ஹேட் நாட்" போதும். "நோ சூனர்" என்று தொடங்கினால் "ஹேட்" முன்னே வரும்: "நோ சூனர் ஹேட் தி பெல் ரங் தன் தி பாய்ஸ் ரேன் அவுட்." அதே இடத்தில் "டிட்" போட்டால் பின்னால் வருவது "ரிங்" என்ற முதல் வடிவம். இரண்டும் சரி, கலப்பதுதான் தவறு.

"ஹேட் ஹேட்" என்று இரண்டு முறை வந்தால் அச்சுப்பிழை என்று எண்ணாதீர்கள். "ஐ ஹேட் ஹேட் மை லஞ்ச் வென் ஹீ கேம்" என்பதில் முதல் "ஹேட்" துணைவினை, இரண்டாவது சாப்பிட்டதைக் குறிக்கும் முதன்மை வினை. ஆங்கிலத்தில் ஒரு பழைய புதிர் வாக்கியமே உண்டு: ஜேம்ஸ், ஜான் என்ற இரு மாணவர்களில் ஒருவன் "ஹேட்" என்று எழுதினான், மற்றவன் "ஹேட் ஹேட்" என்று எழுதினான், ஆசிரியருக்குப் பிடித்தது இரண்டாவது. இதைச் சுருக்கி எழுதினால் 11 "ஹேட்" அடுத்தடுத்து வருகின்றன. நிறுத்தற்குறிகளைச் சரியாக இட்டால் இலக்கணப்படி முழுவதும் சரியான வாக்கியம்!

"ஹேட்" என்ற சொல் கண்ணில் பட்ட உடனே அது பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்று முடிவு கட்டவும் வேண்டாம். "ஐ ஹேட் எ கார்" என்றால் என்னிடம் கார் இருந்தது, அவ்வளவே. "ஐ ஹேட் டு கோ" என்றால் போக வேண்டியிருந்தது. "யூ ஹேட் பெட்டர் கோ" என்பதில் இறந்தகாலமே இல்லை. இப்போது போவது நல்லது என்ற அறிவுரை அது. மிகவும் ஏமாற்றக்கூடியது சொல்வரிசை. "ஐ ஹேட் கட் மை ஹேர்" என்றால் என் முடியை நானே வெட்டியிருந்தேன். "ஐ ஹேட் மை ஹேர் கட்" என்றால் இன்னொருவரைக் கொண்டு வெட்டிக்கொண்டேன். முதலாவதுதான் பாஸ்ட் பெர்ஃபெக்ட்.

பேச்சில் "ஹேட்" முழுதாகக் காதில் விழுவதும் அரிது. "ஹீ ஹேட்" என்பது "ஹீ’ட்" என்று சுருங்கும். சிக்கல் என்னவென்றால் "ஹீ வுட்" என்பதும் அப்படியே சுருங்கும். அடுத்து வரும் வினையைக் கேளுங்கள். "ஹீ’ட் கான்" என்றால் "ஹேட்". "ஹீ’ட் கோ" என்றால் "வுட்". "கம்", "புட்", "ரன்" போன்ற சில வினைகளுக்கு முதல் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே என்பதால் அங்கே சூழலைத்தான் நம்ப வேண்டும்.

கடைசியாக, நீண்ட கட்டுரையோ கதையோ எழுதுகிறவர்களுக்கு ஒன்று. பின்னோக்கிச் சென்று ஒரு பழைய நிகழ்ச்சியை விரித்துச் சொல்லும்போது ஒவ்வொரு வினைக்கும் "ஹேட்" போட்டுக்கொண்டே போனால் படிப்பவருக்கு மூச்சு முட்டும். நல்ல எழுத்தாளர்கள் முதல் ஓரிரு வாக்கியங்களில் மட்டும் அதைப் போடுவார்கள். துருவத்தில் நிற்கும் ஸ்காட்டிலிருந்து 1910 அக்டோபருக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். "ஹீ ஹேட் ரிசீவ்ட் எ டெலகிராம் இன் மெல்பர்ன்" என்று ஒரு "ஹேட்" போட்டால் போதும், நாம் மெல்பர்னுக்குப் போய்விட்டோம். அதன்பின் "இட் கேம் ஃப்ரம் அமுண்ட்சன்", "இட் செட் ஹீ வாஸ் கோயிங் சவுத்" என்று சிம்பிள் பாஸ்டிலேயே கதையை நடத்தலாம். மறுபடி துருவத்துக்குத் திரும்பும் இடத்தில் மட்டும் ஓர் அடையாளம் வேண்டும். "நவ், அட் தி போல்" என்பது போல இடமோ நேரமோ சுட்டும் ஒரு தொடர் வாக்கியத்தின் தொடக்கத்தில் இருந்தால் போதும்.